கைதட்டலுக்கு முன்னால்

பாசமுள்ள அப்பா,

காலனியில் யார் கண்ணை மூடினாலும் முதல் ஆளாக வாய் திறந்த அப்பா, இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது என்று எனக்குத் தெரியும். ஆனால் காலனி படிக்கும். உங்கள் நினைவுநாளுக்காக நம் கோயில் பங்கு மலரில் இடம் கேட்டிருந்தோம். வழக்கமாக உங்கள் பாஸ்போர்ட் படத்தைப் போட்டு, அதன் கீழே அம்மா பெயரையும் என் பெயரையும் போடுவோம். இந்தத் தடவை படம் வேண்டாம், நான் எழுதித் தருகிறேன், பக்கம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் பேச வேண்டியது இருக்கிறது. அதை ஊரே ஒட்டுக்கேட்டால் எனக்கு நல்லதுதான். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

உங்களைப் பார்த்திராதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்ச நேரம் உங்களைப் பற்றி உங்களிடமே சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து, ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தவர் நீங்கள். பெயர் அந்தோணிசாமி. ஆனால் காலனிக்கு உங்களைத் தெரிந்தது வேலையால் அல்ல, குரலால். நம் ஆட்கள் வீட்டில் சாவு விழுந்தால், ஆட்டோக்காரன் மஞ்சுவின் வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போய்த் தமிழில் அறிவிப்பது நீங்கள்தான். "அன்பார்ந்த இறைமக்களே" என்று நீங்கள் தொடங்கினால் எல்லா அடுப்படியிலும் கரண்டி நின்றுவிடும். யார் என்று தெரிந்த பிறகுதான் அது மறுபடியும் அசையும்.

மூச்சிரைப்பு வந்து ஆட்டோவில் ஏற முடியாமல் போனபோது நீங்கள் சோர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், என் பழைய லேப்டாப்பில் ஒரு சின்ன மைக்கைச் செருகி உங்கள் முன்னால் வைத்தேன். வீட்டிலிருந்தே பதிவு செய்யுங்கள், மஞ்சு பென் டிரைவை வாங்கிப்போய் ஆட்டோவில் ஓட்டட்டும் என்றேன். அந்த லேப்டாப்புக்கும் மூச்சிரைப்புதான். ஒலியைப் படமாகக் காட்டும் மென்பொருள் எதைப் போட்டாலும் அப்படியே நின்றுவிடும். அதனால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கினேன். நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பீர்கள்.

"ஏம்மா, படமும் வரல, சத்தமும் வரல. எங்க வெட்டறதுன்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"நம்பர் சொன்னாப் போதும்ப்பா. அதுவே வெட்டிக்கும்."

உங்களுக்கு அது நம்பிக்கையே வரவில்லை. ஆனால் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை நினைவில் வைத்திருந்தீர்கள். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை பலமாகக் கைதட்டினால் வெட்டுகிறவருக்கு வசதி என்று அவர் சொல்லியிருந்தாராம். எனக்கும் அது வசதியாகத்தான் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வேண்டிய கட்டளைகளையெல்லாம் ஒரே கோப்பில் எழுதி வைத்தேன். கைதட்டலைத் தேடு, அதற்கு முன்னால் இருப்பதை வெட்டித் தள்ளு, ஃபிரிட்ஜின் உறுமலை எடு, சத்தத்தைச் சமன் செய், பென் டிரைவில் போடு. நீங்கள் பேசி முடித்து ஒரு விசையை அழுத்தினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். நான் அந்த நேரம் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன், இல்லாவிட்டால் ஹெப்பாளில் என் நாற்காலியில் இருப்பேன். நீங்கள் பதிவு செய்த எதையும் நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய அவசியமே வராதபடி வேலையை அமைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

பிறகு நீங்களும் போய்விட்டீர்கள்.

அன்று காலை வாசலில் மஞ்சு நின்ற கோலம் உங்களுக்குத் தெரியாது. அவன் கன்னடக்காரன், நம் தமிழை உங்களோடு ஆட்டோவில் சுற்றியே கற்றுக்கொண்டவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, அண்ணா வாய்ஸ்லயே போட்டுர்லாம். அதுதான் மரியாதை, அஷ்டே, அவ்ளோதான்" என்றான். எனக்கு யோசிக்கத் தெம்பில்லை. முன்பு ஒரு தடவை வேறொரு அந்தோணிசாமி இறந்தபோது நீங்கள் சொன்ன பெயரை எடுத்தேன். மற்ற வரிகளைப் பழைய அறிவிப்புகளிலிருந்து எடுத்தேன். ஒட்டினேன். உங்கள் சாவை நீங்களே தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனீர்கள்.

ஜனங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். "அப்ப அந்தோணி இருக்கறாரா?" என்று சிலர் கேட்டார்களாம். இல்லை என்று தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்களாம். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஒருவர் பாக்கியில்லாமல் அதைப் பற்றித்தான் பேசினார்கள். என்ன பாக்கியம், கடைசிப் பயணத்துக்குத் தன் குரலாலேயே ஆள் கூப்பிட்டார் என்று.

அந்தப் பேச்சில்தான் அப்பா, நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த சாவுக்கு வந்து நின்றார்கள். "அந்தோணியண்ணன் குரல்ல போட்டுக்குடு பாப்பா, எங்கம்மாவுக்கு ஆச." துக்கத்தில் நிற்கிறவர்களிடம் எப்படி முடியாது என்பது? செய்துகொடுத்தேன். அதற்கடுத்தவருக்கும் செய்துகொடுத்தேன். உங்கள் குரலைப் பெயர், கிழமை, மணி, வரி என்று துண்டு துண்டாக வெட்டிப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்தேன். இல்லாத பெயரை இரண்டு பெயரிலிருந்து செய்வேன். ஆரோக்கியசாமியிடமிருந்து பாதி, ஸ்டெல்லாமேரியிடமிருந்து பாதி எடுத்தால் ஓர் ஆரோக்கியமேரி கிடைத்துவிடுவாள். சில தடவை மஞ்சு அவசரத்தில், கோப்பு முழுதாக ஏறுவதற்குள் பென் டிரைவைப் பிடுங்கிவிடுவான். கோப்பு இருக்கும், ஆனால் திறக்காது. அதன் தலைப்பகுதி சிதைந்திருக்கும், அதைப் புதிதாக எழுதி உயிர் கொடுக்க வேண்டும். இதெல்லாம் காலையில் பஸ் வருவதற்குள் நடக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் உயிரோடு இருப்பவர்களும் வர ஆரம்பித்தார்கள். தன் பெயரை இப்போதே செய்து வைத்துவிடு, பிறகு நீ ஊரில் இருக்கிறாயோ இல்லையோ என்றார்கள். அது சரியான கவலைதான். சென்னை அலுவலகத்துக்கு மாற்றல் கொடுக்கிறோம், மேல்பதவி என்று கம்பெனியில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது? எங்கள் காலனியில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், என்னால் வர முடியாது என்றா?

உண்மைக் காரணம் அம்மா. அவள் மைசூரை விட்டு வரமாட்டேன் என்கிறாள். "அங்க வந்தா அவரு கொரல் கேக்குமா?" என்று கேட்கிறாள். மஞ்சுவின் ஆட்டோ சத்தம் தெருமுனையில் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவாள். யார் இறந்தது என்று அவள் கேட்பதில்லை. உங்களைக் கேட்பாள். ஆட்டோ தாண்டிப்போன பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாரும் சாகாத மாதங்களில் வாடிப்போய்விடுவாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பும். இதை எழுதக் கூசுகிறது அப்பா, ஆனால் அதுதான் நடந்தது.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "கண்ணு, நீதான் வெட்டி ஒட்டறயே. சாப்டயான்னு ஒரு தடவ அவர கேக்க வெய்யேன்."

எங்கிருந்து எடுப்பேன்? நீங்கள் பட்டன் போனை விட்டு நகரவே இல்லை, குரல் செய்தி அனுப்பியதே இல்லை. கல்யாண வீடியோக்களில் உங்களைப் பாட்டு அமுக்கிவிட்டது. என்னிடம் இருந்ததெல்லாம் 'வருத்தத்துடன்', 'நல்லடக்கம்', 'மாலை நான்கு மணிக்கு', 'இறைவனில் இளைப்பாறினார்'. உங்கள் குரலில் ஒரு பெட்டி நிறையச் சொற்கள் வைத்திருந்தேன், அதில் வீட்டில் பேசுகிற சொல் ஒன்றுகூட இல்லை. இல்லைம்மா என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

நானோ உங்கள் குரலைக் கேட்பதையே விட்டுவிட்டேன். முன்பே குறித்து வைத்த எண்ணைப் பார்த்து வெட்டுவேன், எண்ணைப் பார்த்து ஒட்டுவேன், ஒலியை மௌனமாக்கிவிட்டே வேலை செய்வேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மஞ்சுவின் ஆட்டோ வந்தால் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வேன். செத்துப்போன அப்பாவைச் சில மாதங்களில் நாலு தடவைகூடத் தெருவில் சந்திப்பது எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தார்களா? அழுது முடித்துவிட்டு ஓய்வதற்குக்கூட நீங்கள் விடவில்லை.

இப்போது சவரிமுத்து மாமா கதைக்கு வருகிறேன். உங்கள் சிநேகிதர், உங்களோடு ஒரே ஷிப்டு, ஒரே டீக்கடை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேக்கரியில் பன் வாங்கிக்கொண்டு வந்தார்.

"என் பேரயும் ரெடி பண்ணி வெச்சுரு பாப்பா. கடைசி நேரத்துல அவசரத்துல உங்கப்பன் தப்பாச் சொல்லிரப் போறான்."

சவரியம்மாளிடமிருந்து முன்பாதியும், மரியமுத்துவிடமிருந்து பின்பாதியும் எடுத்துச் செய்தேன். கேட்டே தீருவேன் என்றார். அவருக்கு இயர்போனை மாட்டிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்ததும் முகத்தைச் சுளித்தார். "சவரிக்கும் முத்துக்கும் நடுவுல டக்குனு ஒரு சத்தம் வருது. சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கற மாதிரி இருக்குது. அத மட்டும் எடுத்துரு." பிறகு செய்கிறேன் மாமா என்று அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை விடிகாலையில் லூர்து டீச்சர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகள்தான் போன் செய்தாள். டீச்சர் பெயரைத் தயார் செய்தேன். லேப்டாப் திறந்துதானே இருக்கிறது, மாமா சொன்ன ஆணிச் சத்தத்தையும் கையோடு சரி செய்துவிடலாம் என்று அதையும் செய்தேன். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஒன்றை மெல்ல இறக்கி மற்றதை மெல்ல ஏற்றினால் அந்த 'டக்' போய்விடும். ஒரு வரிதான், அப்போதே முடிந்துவிட்டது. ஆனால் நான் எழுதி வைத்த கட்டளைக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயர்ப் பெட்டியில் எந்தக் கோப்பைக் கடைசியாகத் தொட்டேனோ அதைத்தான் அது எடுத்துக்கொள்ளும். வெளியே மஞ்சு ஹாரன் அடித்தான். "அக்கா, பேக, பேக! சீக்கிரம், நாலு தெருவுக்குப் போகணும்." பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். ஒரு தடவை ஓட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் கேட்பதில்லையே.

பஸ் ரிங் ரோட்டைத் தொடும்போது அம்மா போன் செய்தாள். "ஸ்டெல்லா, சவரி அண்ணன் போயிட்டாராமே. நேத்துக்கூட நல்லா இருந்தாரே."

"யாரும்மா சொன்னது?"

"உங்கப்பாதான் சொன்னாரு."

கடைசியாகத் தொட்டது மாமாவின் கோப்பு என்று அப்போதுதான் உறைத்தது. டிரைவரைக் கெஞ்சி அடுத்த சிக்னலில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. மாமா டீக்கடையில் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது மஞ்சுவின் ஆட்டோ திரும்பியிருக்கிறது. அன்பார்ந்த இறைமக்களே, சவரிமுத்து அவர்கள் இன்று காலை இறைவனில் இளைப்பாறினார், நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று சொல்லியிருக்கிறீர்கள். டீக்கடைக்காரர் மாமாவைப் பார்த்திருக்கிறார். மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய், கட்டிலில் படுத்துவிட்டார்.

மஞ்சு பதறிப்போய்த் தன் மைக்கிலேயே ஒரு சுற்று வந்தான். "சவரிமுத்து அல்ல, லூர்து டீச்சர்! சாரி, சாரி, லூர்து டீச்சர்!" காலனியே சிரித்தது. டீச்சர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் அடக்கத்தில் கடைசி வரிசையில் நின்றேன்.

மாமாதான் எழுந்திருக்கவே இல்லை. நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் எப்படித் தப்பு நடந்தது என்று விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். விளங்கியது என்று தலையும் ஆட்டினார்.

"அது உன் தப்புதான் பாப்பா, ஒத்துக்கறேன். ஆனா சொன்னது அவன். அந்தோணி ஒரு நாளும் பொய் சொன்னவனில்ல. அவன் வாயில என் பேரு வந்துருச்சு."

"மாமா, நாலு மணி தாண்டியாச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆகல."

"இன்னிக்கு நாலு மணி தாண்டிருச்சு. நாளைக்கும் நாலு மணி வருமில்ல?"

சாப்பிட மறுத்தார். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த மனிதர், மாத்திரையையும் தொடவில்லை. போகப்போகிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டாராம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் மாமாவின் மனைவி ரீட்டா அத்தை வந்து நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். "மஞ்சு மைக்ல சொன்னதெல்லாம் அவரு காதுல ஏறல. கோயில் சாமியார் வந்து சொன்னாரு, அதுவும் ஏறல. உங்கப்பா வாயில வந்தத உங்கப்பா வாயாலதான் மாத்தணும் பாப்பா. இல்லேன்னா இவரு இப்படியே போயிருவாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன், அதில் பொய் அதிகமில்லை.

உங்கள் சொற்பெட்டி முழுவதையும் கவிழ்த்துப் பார்த்தேன். உயிர் என்று ஒரு சொல் இருந்தது, 'உயிர் நீத்தார்' என்ற இடத்தில். நலம் என்று நீங்கள் யாரையும் சொன்னதில்லை. ஒரு மனிதர் இருக்கிறார் என்று சொல்ல உங்களிடம் ஒன்றுமே இல்லை. கடைசியில் துண்டுகளாகத் தேடினேன். அடக்கம் 'நடைபெற இருக்கிறது' என்பீர்கள், அதில் 'இருக்கிறார்' முக்கால்வாசி வந்துவிட்டது. கலந்துகொள்ளும்படி குடும்பத்தார் 'கேட்டுக்கொள்கிறார்கள்' என்பீர்கள், அதன் நடுவிலிருந்து மீதி கிடைத்தது. இறுதி ஊர்வலம் 'அவரது இல்லத்திலிருந்து' புறப்படும், அங்கே வீடு கிடைத்தது. ஒட்டினேன். வேறு வழியில்லாமல் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. உறுமலை எடுக்கிறேன் என்று நான் போட்ட கட்டளை, உங்கள் குரலின் ஓரங்களையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. முழு வரியில் அது தெரியாது, இவ்வளவு பொடியாக வெட்டி ஒட்டினால் தெரிகிறது. இதைக் கேட்டால் மாமா நிச்சயம் நம்பமாட்டார். சுத்தம் செய்யாத அசல் வேண்டும்.

அசல் இருந்தது. இந்தக் கட்டளைகள் பழைய கோப்பை அழிப்பதில்லை, புதிதாக ஒன்றை எழுதிவிட்டுப் பழையதை ஓரமாக வைத்துவிடும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன், பிறகு மறந்தும் போயிருந்தேன். அந்தப் பெட்டியைத் திறந்து முதல் கோப்பை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். கைதட்டலுக்கு முன்னால் வெறும் நிசப்தம் இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏய், அந்தக் குக்கர அணை. செத்தவங்கள விசிலடிச்சா அனுப்பி வெக்கறது?"

நீங்கள்தான். உள்ளேயிருந்து அம்மா ஏதோ சொல்கிறாள். "நீ பருப்ப அப்புறமா வேக வெய்யி, ஒண்ணும் ஓடிராது" என்கிறீர்கள். ஒரு இருமல். பிறகு கைதட்டல். பிறகு, அன்பார்ந்த இறைமக்களே.

அடுத்ததைப் போட்டேன். "இந்த மைக்குல செவப்புப் புள்ளி எரியுதா பாரு. எரியலேன்னா ஸ்டெல்லா வந்து கத்துவா." அடுத்தது. "தண்ணி குடு. சுடுதண்ணி இல்ல, பானத் தண்ணி." இன்னொன்றில் எதுவும் பேசவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது, நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு சின்னப் பையனுக்கான அறிவிப்பு ஒன்று இருக்கிறதே, காரஞ்சி ஏரிப்பக்கம் வண்டியில் அடிபட்டவன். அதில் நீங்கள் அழுகிறீர்கள். வெகுநேரம் அழுகிறீர்கள். "என்னால ஆகாது, வேற யாரையாவது சொல்லச் சொல்லு" என்கிறீர்கள். அம்மா பக்கத்தில் வந்து, "நீங்க சொன்னாத்தான் அந்தப் புள்ளைக்கு நாலு பேரு வருவாங்க, சொல்லுங்க" என்கிறாள். மூக்கைச் சிந்துகிறீர்கள். கைதட்டுகிறீர்கள். அதற்கப்புறம் ஒரு நடுக்கம்கூட இல்லை.

உங்களுக்குச் சாவு அறிவிப்பது மரத்துப்போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேனே அப்பா. நானே கட்டளை போட்டு உங்களை வெட்டித் தள்ளியிருக்கிறேன், வீட்டில் இருந்த உங்களை. தெருவில் பேசிய உங்களை மட்டும் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, சொல் இல்லை சொல் இல்லை என்று அம்மாவிடம் கையை விரித்திருக்கிறேன். அன்று மத்தியானம் அந்தப் பெட்டி முழுவதையும் கேட்டேன். நீங்கள் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போனாள்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு மாமா வேலையை முடித்தேன். அசலிலிருந்து எடுத்த துண்டுகள் ஒட்டும் இடம் தெரியாமல் ஒட்டின. உறுமலை எடுக்கவில்லை, ஃபிரிட்ஜ் பாட்டுக்கு உறுமட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தே மஞ்சுவிடம் கொடுத்தேன். அவனோடு ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன்.

"அன்பார்ந்த இறைமக்களே. சவரிமுத்து அவர்கள் அவரது இல்லத்தில் இருக்கிறார். உற்றார் உறவினர் அனைவரும் வந்து கலந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறார்கள்."

கடைசி வரியை வெட்டியிருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டேன். மாமா வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, மறுபடியும் ஓட்டினோம். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ரீட்டா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நிலைவாசல் வரை வந்தார். நரைத்த தாடி முளைத்து, மூன்றே நாளில் வயசு கூடியவர் மாதிரி இருந்தார்.

"இன்னொரு தடவ போடு" என்றார். போட்டோம். "இருக்கறேனாமா?"

"இருக்கீங்க மாமா. அப்பாதான் சொல்றாரு."

"அப்பச் சரி" என்று திரும்பி அத்தையிடம், "கஞ்சி இருந்தாக் குடு" என்றார். அதற்குள் நீங்கள் கூப்பிட்ட கூப்பிடலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாமா கஞ்சி குடிப்பதைப் பார்த்தார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதையும் மாமா வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் என்னவோ போல இருந்தது.

"யாராவது போனாத்தான் இவரு வாயத் தொறப்பாரு. இன்னிக்கு ஒருத்தரு இருக்கறாருன்னு சொன்னாரு." என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "கண்ணு, உங்கப்பா பேரு உங்கிட்ட இருக்குதில்ல? அன்னிக்குப் போட்டயே. அத இதுல ஒட்டினா வருமா?"

வரும் அப்பா. எல்லாத் துண்டும் கையிலேயே இருந்தன. அந்தோணிசாமி அவர்கள் அவரது இல்லத்தில் இருக்கிறார். ஒரே ஒரு வரிக் கட்டளை. உட்கார்ந்து அதைத் தட்டியும் விட்டேன். அழுத்த வேண்டியது ஒரு விசைதான். அம்மா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் மூச்சு என் தலையில் பட்டது. என்னால் முடியவில்லை. மாமா இருக்கிறார், அதனால் உங்களைச் சொல்ல வைத்தேன். இதை எப்படிச் சொல்ல வைப்பேன்? பொய் சொல்லாதவர் என்று உங்களை நம்பித்தானே ஒரு மனிதர் மூன்று நாள் பட்டினி கிடந்தார்? தட்டியதை எழுத்து எழுத்தாக அழித்தேன்.

அதற்குப் பதில் வேறொரு கட்டளையைத் தட்டினேன். எல்லா அசலையும் எடு, கைதட்டலைத் தேடு, அதற்குப் பின்னால் இருப்பதை வெட்டித் தள்ளு, முன்னால் இருப்பதையெல்லாம் வரிசையாகச் சேர். நான் இத்தனை வருஷம் செய்ததற்கு நேர்மாறு. அது முடிந்ததும் அம்மாவின் போனில் ஏற்றிக் கையில் கொடுத்தேன்.

குக்கரில் தொடங்கியது. அம்மா திடுக்கிட்டு அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டபோது "தர்றேன் இருங்க" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். மறுபடி குக்கருக்காக ஒரு சத்தம் போட்டீர்கள், பருப்புக்காக ஒன்று, கதவைச் சாத்தாமல் விட்டதற்காக ஒன்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வழிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"பாரு கண்ணு. இன்னும் என்னத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கறாரு."

அப்பா, இந்தக் கடிதத்தைப் படிக்கிற எல்லாரும் கேட்கும்படி உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் நீங்கள் சொல்லாத எதையும் உங்களைச் சொல்ல வைக்கமாட்டேன். பெயரைச் செய்து வைக்கச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம், செய்து வைத்ததையும் அழித்துவிட்டேன். காலனியில் அடுத்து யாருக்காவது அறிவிக்க வேண்டுமென்றால் என் குரலில் நான் அறிவிக்கிறேன், நான் சென்னையில் இருந்தாலும் பதிவு செய்து மஞ்சுவுக்கு அனுப்புகிறேன். ஆமாம், இந்தத் தடவை மாற்றலுக்குச் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மா இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் குக்கரை எடுத்துப் போகலாமா என்று நேற்றுக் கேட்டாள். நான் அறிவிக்கும்போது முதலில் அழுதுவிட்டு, பிறகு கைதட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் ஆரம்பிப்பேன். முன்னால் இருப்பதை வெட்டமாட்டேன்.

இப்படிக்கு,
சிவப்புப் புள்ளி எரியாவிட்டால் கத்துகிற உங்கள் மகள்,
ஸ்டெல்லா